பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஸ்டூடியோ

(மறைமலைநகரில் பாடகர்களும் குரல் கலைஞர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், ஒலிப்பதிவாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாற்காலிகளை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஹாலில் எதிரொலி அதிகம். பின்வரிசைக்கு என் பேச்சில் பாதி சுவரில் பட்டுத்தான் வந்து சேரும். அது ஏன் என்பதற்கும் இன்றைய பேச்சில் இடம் இருக்கிறது.

இந்த ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் பல்லாவரத்தில் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்திருந்தார். தம் நூல்களைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பட்டணத்தில் அச்சகங்களுக்கு அன்றைக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டும், ஒரு பக்கத்தைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டும் என்றால் அடுத்தவர் கடையில் போய் நிற்கக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். வீட்டில் ஒலிப்பதிவு அறை வைக்க ஆசைப்படுகிற ஒவ்வொருவருடைய ஆசையும் இதே ஆசைதான்.

நம் காலத்து உதாரணம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் நாளைத் தள்ளியது. பையன் வளர்ந்து பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார். விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டார். பிறகு கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்று ஒரு ஸ்டூடியோ கட்டினார். 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘ரோஜா’வின் பாட்டுகள் அங்கே உருவானவை. ஏ.ஆர். ரகுமானுக்கு அப்போது 25 வயது.

இந்தக் கதையை யூடியூபில் சொல்கிறவர்கள், ‘கொல்லையில் ஒரு சின்ன அறை, கையில் காசில்லை, உலகையே ஜெயித்தார்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அதை நம்பி ஏமாறாதீர்கள். அந்த அறைக்குள் இருந்த கருவிகள் அந்தக் காலத்து விலைக்குப் பெரும் பணம். நாம் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அன்றைக்குக் கோடம்பாக்கத்தில் பாட்டுப்பதிவு என்றால் கால்ஷீட் கணக்கு. தியேட்டர் வாடகை ஒருபக்கம், வாத்தியக்காரர்கள் சம்பளம் ஒருபக்கம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே டேக் எடுக்க வேண்டும். நல்ல யோசனை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கலாம், அவ்வளவுதான். சொந்த அறை கிடைத்ததும் அந்த இரண்டு மணி அவருக்கு வேலை நேரமாகிவிட்டது. ரகுமான் ராத்திரியில் வேலை செய்கிறவர் என்பது ஊரறிந்த சேதி. ஆக, அவர் அந்தக் கொல்லையில் கட்டியதில் மிக விலை உயர்ந்த பொருள் நேரம். வீட்டில் இப்படி ஓர் அறைக்கு நீங்கள் 30,000 ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொண்டால், அந்தப் பணத்திலும் நீங்கள் வாங்கப்போவது நேரத்தைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்குச் செலவு செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சத்தம். அறைக்குள் வரக்கூடாத சத்தம்.

சென்னையில் பேசும்படம் எடுக்க முதல் ஸ்டூடியோ 1934இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வந்தது. ஏ. நாராயணனின் ஸ்ரீநிவாசா சினிடோன். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். இந்திய சினிமாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சொல்லத்தக்கவர். இன்றைக்கும் ரெக்கார்டிங் கன்சோல் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்தால், ‘இன்ஜினியர் எங்கேம்மா?’ என்று அவரிடமே கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பெயரைச் சொன்னேன். அந்தக் காலத்தில் ஒலி புகாத தளங்கள் கிடையாது. வெயிலில், திறந்தவெளியில் படம் பிடிப்பார்கள். கதாநாயகி உருகிப் பாடும்போது காக்கை கரையும். காக்கையை விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள் என்று தமிழ்ச் சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்வதுண்டு.

நம்மூரில் காக்கை ஒரு பொருட்டே இல்லை. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, அதற்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. விடிவதற்கு முன்பே செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் கிளம்பிவிடும். சாயங்காலமானால் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் வண்டிகள் வரிசையாக. ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள். இவற்றுக்கு நடுவே பக்கத்து வீட்டு மிக்ஸி, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், ஆடி மாதம் வந்தால் குழாய் ஒலிபெருக்கி.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஹாரன், நாய், மிக்ஸி இவையெல்லாம் காற்று வழியாக, சந்து பொந்து வழியாக வருகிறவை. லாரி ஓடும் அதிர்வும் ரயிலின் முழக்கமும் தரை வழியாகவும் வரும். தரை வழி வருவதைத் தடுக்க மிதக்கும் தளம் போட வேண்டும். அது நம் பட்ஜெட்டில் இல்லை, அதை விட்டுவிடுங்கள். மைக்கிலோ மென்பொருளிலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டால், குரலுக்குப் பழுதில்லாமல் அந்த உறுமலில் பெரும்பகுதி போய்விடும். மைக் ஸ்டாண்டின் காலுக்கடியில் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். அது போதும்.

காற்று வழி வருவதற்குச் சந்தை அடைப்பதுதான் மருந்து. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலும், அந்தச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி, 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவுக்கடியில் இரண்டு விரல் சந்தை விட்டுவிட்டுச் சுவருக்கு ஃபோம் ஒட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கதவுச் சட்டத்தைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை, அடியில் தொங்கும் ரப்பர் பட்டை, ஜன்னலின் இடுக்குகளுக்குச் சிலிக்கோன் பூச்சு. எல்லாம் ஹார்டுவேர் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. இருக்கிற செலவிலேயே பலன் அதிகம் தருவது இதுதான்.

இன்னொன்று, காசே இல்லாத உபாயம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்துகிறதே, எல்லோரும் திட்டுகிற அந்த நாள், பதிவு செய்கிறவருக்குப் பண்டிகை. பேப்பரில் அறிவிப்பு வந்ததும் காலண்டரில் குறித்து வையுங்கள். மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை, எதிர்வீட்டு சீரியல் இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடும், மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸுக்கு அதிலிருந்தே மின்சாரம் போய்விடும். மின்கம்பியிலிருந்து வருகிற 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ ஓசையும் அன்றைக்கு இருக்காது. வேர்த்துக் கொட்டும், அது வேறு விஷயம். மின்விசிறி ஓடினால் எப்படியும் பதிவு செய்ய முடியாது.

அந்த ‘ம்ம்ம்’ ஓசையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லேப்டாப் அடாப்டர் இரண்டு முள் பிளக்காக இருந்தாலோ, வீட்டு எர்த் சரியில்லாமல் இருந்தாலோ அது வரும். பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் கோளாறு மின்சாரத்தில், மைக்கில் இல்லை. இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் சைன்வேவ் வாங்குங்கள். மலிவான ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது இரைச்சல் நேரே பதிவில் ஏறிவிடும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் அப்படித்தான். பக்கத்து அறையில் ஃபேன் பாதி வேகத்தில் ஓடினால் இங்கே ஹெட்போனில் வண்டு ரீங்காரம் கேட்கும்.

சரி, இப்போது அறைக்கு வருவோம். இன்றைய பேச்சின் மையம் இது.

நம்மூர் மேஸ்திரியிடம் பெட்ரூம் என்றால் அவர் மனதில் வருவது பத்துக்குப் பத்து. உயரமும் ஏறக்குறைய பத்தடி. அதாவது கனசதுரம். ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவத்தை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். காரணத்தைச் சொல்கிறேன். 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். பத்தடி என்பது 3.05 மீட்டர். இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்த நீளத்துக்குப் பொருந்துகிற அலை 57 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 114, 171. இந்த ஓசைகள் மட்டும் அறைக்குள் அடங்காமல் எழும்பி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறாக இருந்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் எழும்பும். மூன்றும் பத்தடி என்றால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து ஏறிக்கொள்ளும். 114 என்பது ஆண் குரலின் அடிநாதம் உலவுகிற இடம். அதனால்தான் சிலர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டால் ஒரு சொல் சாதாரணமாகவும் அடுத்த சொல் குடத்துக்குள் இருந்து வருவது போலவும் இருக்கிறது. குரலில் குறையே இல்லை. அறை தன் சுருதியைச் சேர்த்துவிடுகிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் பாட்டிமார் கேலி செய்வார்கள். ஒலிப்பதிவில் கூடம் கோணலாக இருப்பது வரம். எதிரெதிர்ச் சுவர்கள் நேருக்கு நேர் நிற்கவில்லை என்றால் ஒலி அங்கும் இங்கும் பந்தாடப்படாது. உங்கள் வீட்டில் கோணல் மாணலாக ஒரு ஸ்டோர் ரூம் இருந்தாலோ, மாடிப்படிக்கு அடியில் சரிந்த கூரையோடு ஒரு மூலை இருந்தாலோ முதலில் அங்கே போய்க் கைதட்டிப் பாருங்கள். காலியான சதுர அறையில் கைதட்டினால் ‘ட்ட்ர்ர்ங்’ என்று உலோகம் அதிர்வது போல ஒரு வால் கேட்கும். கோணலான மூலையில், துணிமணி அடைத்த இடத்தில், தட்டிய ஒலி அங்கேயே செத்துவிடும். கைதட்டல்தான் உங்களுடைய முதல் அளவைக் கருவி. விலை இல்லை.

காட்டாங்கொளத்தூர்ப் பக்கம் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிற ஒரு தம்பியின் அறைக்குப் போயிருந்தேன். உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை, நன்றாகக் கானா பாடுவார். நல்ல விலைக்கு ஒரு கண்டென்சர் மைக் வாங்கி, சுவர் முழுக்க ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டியிருந்தார். ‘சார், காசு போட்டும் பாத்ரூம்ல பாடின மாதிரி வருது’ என்றார். பாடச் சொன்னேன். மேல் ஸ்தாயியில் ஒரு இடத்தில் நின்றார். அவர் நிறுத்திய பிறகும் அந்த ஸ்வரம் நிற்கவில்லை. அறை மூலையில் இரும்பு பீரோ, அதன் தலைமேல் ஒரு எவர்சில்வர் குடம். பீரோக் கதவும் குடமும் சேர்ந்து அவருக்குப் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. குடத்தைச் சமையலறைக்கு அனுப்பினோம். பீரோக் கதவு இடுக்கில் நான்காய் மடித்த துணியைச் செருகினோம். கட்டிலில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையை எடுத்து நிமிர்த்தி, அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்தோம். பீரோவில் தொங்கிய கம்பளியை அவர் தலைக்கு மேல் கொடிக் கயிற்றில் போட்டோம். மறுபடி பாடினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்போ இந்த ஃபோமு, சார்?’ என்றார். என்னால் என்ன பதில் சொல்ல முடியும்?

மெத்தையை ஏன் பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்தோம் என்பதைக் கவனியுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். நாம் பயன்படுத்துகிற கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும், அதன் முதுகுப்பக்கம் மந்தம். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது? நீங்கள், உங்களுக்குப் பின்னால் அந்தச் சுவர். ஆகவே சுவரிலிருந்து திரும்பி வருகிறதை நிறுத்த வேண்டிய இடம் உங்கள் முதுகுப்புறம்.

ஃபோம் முழுக்க வீண் என்று சொல்லவில்லை. ஒரு இஞ்ச் தடிமனில் அது ‘ஸ்’, ‘ச்’ போன்ற உச்ச ஒலிகளைத்தான் உறிஞ்சும். அடித்தொனி அப்படியே இருக்க, மேலே மட்டும் மழுங்கிவிடுவதால் குரல் போர்வைக்குள் பேசியது போல ஆகிவிடும். முட்டை அட்டை அதைவிடக் கேவலம், அதை ஒட்டுகிற கஷ்டத்துக்கு ஒரு பலனும் கிடையாது. இரண்டிலும் தீ அபாயம் வேறு. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இசை விடுதியில், சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் வாணவேடிக்கைப் பொறியில் பற்றி 100 பேர் இறந்தார்கள். ஒயரும் அடாப்டரும் சூடேறிக் கிடக்கிற சின்ன அறையில், ஒரே கதவு உள்ள அறையில், கண்ட ஃபோமை ஒட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தொனியை அடக்க வேண்டுமானால் தடிமன் வேண்டும். நான்கு இஞ்ச் தடிமனில் ராக்வூல் பலகை. இது எரியாது. நம்மூர் தொழிற்பேட்டை ஊர் என்பதால் ஒரு சௌகரியம் உண்டு. பாய்லருக்கும் ஏ.சி. டக்டுக்கும் உறை போடுகிற காண்ட்ராக்டர்களைக் கேட்டால் புதுப் பலகை எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். பழைய ஆலையில் கழற்றிப் போட்டதை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். புதுப் பலகையை ஒரு மரச்சட்டத்துக்குள் வைத்து, காற்று உள்ளே போகிற மாதிரித் துணியால் முழுக்க மூடித் தைத்துவிடுங்கள். நார் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். இப்படி நான்கு சட்டம் செய்து, அறையின் மூலைகளில் சாய்த்து வையுங்கள். அடித்தொனி மூலைகளில்தான் தேங்கும். சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை, வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது முக்கியம். வீட்டு ஓனர் வந்தால் தூக்கிக் கட்டிலுக்குப் பின்னால் போட்டுவிடலாம்.

மரச்சட்டத்துக்கும் கனத்த திரைச்சீலைக்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போங்கள். இங்கிருந்து ரயிலில் ஏறினால் நேராக இறங்கலாம். பழைய ஜன்னல், பழைய மெத்தை, மைக் ஸ்டாண்டு, சில நாள் அதிர்ஷ்டம் இருந்தால் யாரோ கழித்துப்போட்ட நல்ல ஹெட்போன்கூட அகப்படும். மைக்கை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

மைக் விஷயத்தில் நான் சொல்லப்போவது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மைக்குக்குச் செலவு செய்வதைக் கடைசியில் வையுங்கள். ஷூர் எஸ்.எம்.57 என்று ஒரு மைக், 1965இல் வந்தது. அதன் தம்பி எஸ்.எம்.58 அடுத்த ஆண்டு வந்தது. கல்யாணக் கச்சேரி மேடையில் நீங்கள் பார்க்கிற அந்த உருண்டைத் தலை மைக்தான் 58. இன்றைக்கும் பத்தாயிரம் ரூபாய்ச் சுமாருக்குக் கிடைக்கிறது. போலியும் ஏராளம் என்பதால் பில்லோடு வாங்க வேண்டும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பத்தை ஒரு வாடகை வீட்டில், இரண்டு 57 மைக்கையும் நான்கு டிராக் பதிகிற ஒரு கேசட் ரெக்கார்டரையும் வைத்துத்தான் பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு பெரிய ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தும் மனதுக்கு ஒப்பவில்லை, அந்த கேசட்டையே வெளியிட்டார்கள். வீட்டில் பதிந்ததில் ஸ்டூடியோவில் வராத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் அந்த கேசட்டை இசைத்தட்டாக மாற்றப் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆகவே மட்டமாகப் பதிந்தாலும் பரவாயில்லை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம்.

‘57, 58 மாதிரி டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை எடுக்காது’ என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. மைக்குக்கு உங்கள் குரல் எது, பக்கத்து வீட்டுக் குக்கர் எது என்று தெரியாது. டைனமிக் மைக்கில் வாயை நெருக்கி வைத்துப் பாடுகிறோம், அதனால் குரல் பெரிதாகவும் குக்கர் சிறிதாகவும் விழுகிறது. கணக்கு இதுதான்: தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். நம் பழைய அளவைகள் இதற்கு அழகாகப் பொருந்துகின்றன. இரண்டு சாண் ஒரு முழம். மைக்கை ஒரு முழத்தில் வைத்திருந்தவர் ஒரு சாணுக்கு வந்தால், அரைக்காசு செலவில்லாமல் அந்த 6 டெசிபல் கைக்கு வரும். அரைச் சாணுக்கு வந்தால் இன்னொரு 6. அதற்கும் கிட்டே போனால் அடித்தொனி வீங்கும், ‘ப’ வரும்போது காற்று மோதும். எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவே வையுங்கள், மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள்.

அதே ஷூரின் எஸ்.எம்.7பி மைக் வாங்கலாமா என்று கேட்பீர்கள். யூடியூபில் எல்லோர் முன்னாலும் நிற்கிறது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் அதன் முன்னோடியான எஸ்.எம்.7 இருந்தது என்பது உண்மை. ஆனால் மைக்குக்கே முப்பது, நாற்பதாயிரம் ஆகும். அதுவும் மெல்லிய குரலுக்கு 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம், அதாவது கெயின், கேட்கும். மலிவு இன்டர்ஃபேஸில் அவ்வளவு திருகினால் சலசலப்புத்தான் மிஞ்சும். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் ஐயாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம். மூடிய ரக ஹெட்போன் நாலாயிரம், ஐயாயிரம். ஸ்டாண்டு, எக்ஸ்.எல்.ஆர். கேபிள் இரண்டாயிரம். மிச்சம் அறைக்கு. ஸ்பீக்கரை இப்போது வாங்காதீர்கள். சரியில்லாத சதுர அறையில் நல்ல ஸ்பீக்கர் பொய்தான் சொல்லும். ஹெட்போனில் கலவை செய்து, செல்போனிலும், டி.வி.யிலும், முடிந்தால் தெரிந்தவருடைய ஷேர் ஆட்டோவிலும் போட்டுக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் உங்கள் பாட்டின் சொல் புரிந்தால் கலவை சரி. மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். குரல் மட்டும் என்றால் ஆடாசிட்டி இலவசம். பல டிராக் வேண்டும் என்றால் ரீப்பர் 60 நாள் இலவசமாகக் கிடைக்கும், பிறகும் தனிநபர் உரிமம் 60 டாலர்தான். திருட்டு மென்பொருள் போட்டு வைரஸ் வந்து பதிவெல்லாம் போய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 24 பிட்டில் பதியுங்கள், அளவு முள் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிவப்பைத் தொடும் அளவுக்குச் சத்தமாகப் பதிய வேண்டும் என்பது டேப் காலத்துப் பழக்கம்.

இந்த 30,000மும் இல்லையா? சட்டையில் குத்துகிற ஒயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். செல்போனில் செருகி, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று படியுங்கள். கதை வாசிக்க, பாடம் நடத்த அதுவே தாராளம். ஒலிநூல் தளமான ஆடிபிள், குரல் இல்லாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நடுராத்திரியில், ஃபேனை நிறுத்திவிட்டு, அலமாரிக்கு முன்னால் நின்றால் அதை நெருங்க முடியும்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து, மாமல்லபுரம், கல்பாக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்று பிளக் முனைகளைத் தின்றுவிடும். கண்டென்சர் மைக்கின் சவ்வுக்கு ஈரம் ஆகாது. வேலை முடிந்ததும் இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள். நாகஸ்வரம், தவில், பறை பதிய விரும்புகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அவற்றைப் பத்துக்குப் பத்து அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், அறையும் தாங்காது, காதும் தாங்காது. அவை வெளிவீதிக்குப் பிறந்த வாத்தியங்கள். காற்றில்லாத விடியற்காலையில் தோப்பிலோ மொட்டைமாடியிலோ மைக்கைப் பத்தடி தள்ளி வைத்து, காற்றுக்கு ஒரு பஞ்சு உறை போட்டுப் பதியுங்கள். திறந்தவெளியில் திரும்பி வருவதற்குச் சுவரே இல்லை. கல்யாண மண்டபம் காலியாக இருக்கும் நாளில் மேனேஜரிடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் தருகிறார்கள்.

இப்படி இடம் பிடிப்பதும் புதிதல்ல. சென்னையில் வசதிப்படாமல் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிப் பக்கம் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். அங்கே போட்ட ஸ்டூடியோவில்தான் 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படம் உருவானது. அவருடைய ஏ.வி.எம். ஸ்டூடியோ வடபழனிக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

கடைசியாக உரிமைப் பிரச்சினை. அறை தயாரானதும் எல்லோரும் முதலில் பாடுவது பிடித்த சினிமாப் பாட்டு. வீட்டில் பாடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். அதைப் பதிந்து வெளியிட்டால் விஷயம் வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகாத பாட்டை அந்தப் பிரிவின் கீழ் மறுபதிவு செய்ய முடியாது. ஆன பிறகும் முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, ராயல்டி கட்டித்தான் செய்ய வேண்டும். யூடியூபில் போட்டால் வருமானம் உரிமையாளருக்குப் போய்விடுவதும், வீடியோவே முடங்குவதும் நடக்கிறது. பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை, யாரும் பாடலாம். ஆனால் ஒரு படத்தில் ஒருவர் போட்ட மெட்டில் பாடினால் மெட்டு அவருடையது. சொல் பொதுச்சொத்து, ராகம் பொதுச்சொத்து, அந்த மெட்டு மட்டும் அல்ல. நீங்களே ஒரு மெட்டுப் போடுங்கள், சொந்தமாக அறை வைத்திருக்கிறீர்களே. கதை வாசிக்கிறவர்களுக்கு வாய்ப்பு இன்னும் பெரிது. கல்கி உட்படப் பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாழ்கிற எழுத்தாளரின் கதையாக இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நான் பேச வந்தது இவ்வளவுதான். மேசைமேல் இரண்டு மைக் வைத்திருக்கிறேன், ஒன்று விலை கூடியது, ஒன்று ஆயிரம் ரூபாய் மைக். ஹெட்போனும் இருக்கிறது. ஒவ்வொருவராக வந்து பேசி, இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டுக் கேள்விகளைக் கேளுங்கள். அதற்கு முன்னால் யாராவது அந்த ஃபேன்களை நிறுத்துங்கள், ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.